நேபாளச் சமூகமும் ஏற்றத்தாழ்வும்: ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது எவரெஸ்ட்டும், நள்ளிரவில் கம்பைத் தட்டி விசிலடித்துப் போகும் கூர்க்காவும்தான். அந்தக் கூர்க்காவுக்கு எந்த ஊர், எந்தச் சாதி, ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்கத் தொடங்கினால் ஒரு பெரிய உலகம் திறக்கும். அந்த உலகத்தைப் பற்றிச் சமூக அறிவியலாளர்கள் எழுபது ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அதைத் தொடர்ந்து வாசித்துவருகிற என்னிடம் நண்பர்களும் மாணவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பலவற்றிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: நாட்டின் சராசரியைப் பிரித்துப் பார்க்காதவரை நேபாளம் புரியாது.

நேபாளத்தில் யார் யார் வாழ்கிறார்கள்?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2 கோடியே 91 லட்சம் பேர். 142 சாதி, இனக்குழுக்கள். 124 தாய்மொழிகள். தனிப் பெரும்பான்மை யாருக்கும் கிடையாது. செத்ரிகள் 16 சதவீதத்துக்குச் சற்று மேல், மலைப்பகுதிப் பிராமணர்களான பாகுன்கள் 11 சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்து மகர், தாரு, தாமாங், நேவார், ராய், லிம்பு, குருங் என்று பழங்குடி இனங்கள் வருகின்றன. இவர்களை அங்கே 'ஆதிவாசி ஜனஜாதி' என்பார்கள். 2002-ல் வந்த சட்டம் இப்படி 59 குழுக்களை அங்கீகரித்தது. தலித்துகள் சுமார் 13 சதவீதம். தெற்கே இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் மாதேசிகளும் முஸ்லிம்களும் தாருக்களும் வாழ்கிறார்கள். மலைநாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும், மக்களில் பாதிக்கு மேல் இன்று அந்தச் சமவெளியில்தான் இருக்கிறார்கள்.

சாதி அங்கேயும் நம் ஊரைப் போலத்தானா?

பாதி ஆம். மீதிப் பாதிதான் முக்கியம். நேபாளத்தில் சாதி வரிசையை அரசே சட்டப் புத்தகமாக எழுதிவைத்தது. 1854-ல் பிரதமர் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த 'முலுகி அயின்' என்ற சட்டத் தொகுப்பு, இந்து, பௌத்தர், பழங்குடி, முஸ்லிம் என்று பார்க்காமல் நாட்டில் இருந்த எல்லோரையும் ஒரே ஏணியில் ஐந்து படிகளாக நிறுத்தியது. மேலே பூணூல் அணிபவர்கள், 'தாகாதாரி'. அடுத்து 'மத்வாலி', அதாவது மது அருந்துபவர்கள். இதில் இரண்டு வகை: அடிமையாக்கக் கூடாதவர்கள், அடிமையாக்கலாம் என்பவர்கள். அதற்கும் கீழே, 'தண்ணீர் செல்லாத' சாதிகள். இதிலும் இரண்டு வகை: தொட்டால் தீட்டில்லை என்று சொல்லப்பட்டவர்கள், தொட்டுவிட்டால் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள். கொல்லர்களான காமி, தையல்காரர்களான தமாய், தோல் தொழில் செய்யும் சார்க்கி எல்லோரும் கடைசிப் படியில்.

'பானி நசல்னே' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 'தண்ணீர் செல்லாதவர்' என்று பொருள். நம்மிடம் செல்லாத காசு என்கிறோமே, அதே 'செல்லாத'. இன்னாரின் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா கூடாதா என்பதை ஓர் அரசு சட்டமாக்கியது. ஐரோப்பியர்களும் தண்ணீர் செல்லாதவர் பட்டியலில்தான் இருந்தார்கள். ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை. பாகுனுக்கு மரண தண்டனையே கிடையாது. இந்தச் சட்டத்தை வரி வரியாக ஆராய்ந்து 1979-ல் ஆந்திராஷ் ஹோஃபர் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அடிப்படை.

சட்டம் போட்டதால் ஒரு சமூகம் ஏழையாகிவிடுமா?

தாமாங்குகளைப் பாருங்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகளில் வாழ்பவர்கள். தலைநகரம் கூப்பிடு தூரம். வளர்ச்சி மையத்திலிருந்து வெளியே பரவும் என்ற பாடப்புத்தகக் கணக்குப்படி இவர்கள்தான் முதலில் முன்னேறியிருக்க வேண்டும். ஆனால் பல பத்தாண்டுகளாகப் பின்தங்கியவர்கள் பட்டியலிலேயே இருந்தார்கள். காரணத்தைத் தேடிப்போன மானுடவியலாளர்கள் டேவிட் ஹோம்பர்க், கேத்ரின் மார்ச் போன்றோர் தாமாங் முதியவர்களிடம் உட்கார்ந்து பழைய கதைகளைக் கேட்டார்கள். வெளியே வந்தது கட்டாய உழைப்பின் வரலாறு. அரண்மனையின் கால்நடைகளை மேய்ப்பதும், பழத்தோட்டங்களைப் பார்த்துக்கொள்வதும், சுமை தூக்குவதும் கூலியில்லாத கடமை. தலைநகரத்துக்குப் பக்கத்தில் இருந்ததே அவர்களுக்கு வினையாகிவிட்டது. 1854 சட்டத்தில் அவர்கள் இருந்த படி, அடிமையாக்கலாம் என்ற படி. 'தாமாங்' என்று தங்கள் பெயரை அதிகாரபூர்வமாக எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்ததே 1932-ல்தான். அதுவரை 'போட்டே' என்ற பொதுப்பெயருக்குள் அடக்கப்பட்டிருந்தார்கள்.

அடிமைமுறை ஒழிப்பை 1924-ல் பிரதமர் சந்திர ஷம்ஷேர் அறிவித்தார். அப்போது விடுதலையானவர்கள் சுமார் 60,000 பேர். ஆனால் மேற்குத் தராயில் தாருக்களைக் கடனுக்குக் கட்டிப்போட்ட 'கமையா' முறை 2000 ஜூலை வரை சட்டப்படி ஒழிக்கப்படவில்லை. தேதிகளைக் கவனியுங்கள். இதெல்லாம் பழங்கதை கிடையாது. இன்று உயிரோடு இருப்பவர்களின் வாழ்க்கை.

1963-ல் புதிய சட்டம் வந்து சாதி ஒழிந்துவிட்டதே?

சட்டத்திலிருந்து சாதித் தண்டனைகள் போயின, அவ்வளவுதான். தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் வரவே 2011 ஆயிற்று. 2020 மே மாதம் மேற்கு ருக்கும் மாவட்டத்தில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் இளைஞர் ஒருவர் நண்பர்களோடு அவள் ஊருக்குப் போனார். ஊர்க்காரர்கள் கூடி ஆற்றங்கரை வரை விரட்டினார்கள். ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். சாதி இல்லை என்று யாராவது சொன்னால் அந்த ஆற்றங்கரையை நினைத்துக்கொள்கிறேன்.

1960 முதல் 1990 வரை, கட்சிகளைத் தடைசெய்து மன்னர் நடத்திய 'பஞ்சாயத்து' ஆட்சி இன்னொரு வேலையும் செய்தது. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே உடை என்ற முழக்கத்தின் கீழ், வேறுபாடுகளைப் பேசுவதே தேசத் துரோகம் போலப் பார்க்கப்பட்டது. பேசக் கூடாது என்றால் எண்ணவும் கூடாது. கணக்கெடுப்பில் சாதி, இன விவரம் முறையாக வெளிவந்தது மக்களாட்சி திரும்பிய பிறகு, 1991-ல். அப்போது 60 குழுக்கள். 2001-ல் நூறு. 2011-ல் 125. 2021-ல் 142. முப்பதே ஆண்டில் 82 புதிய குழுக்கள் பிறந்துவிடவில்லை. 'மற்றவர்கள்' என்ற பொதிக்குள் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பெயரைச் சொன்னார்கள்.

நேபாளத்தில் சமூக அறிவியல் எப்போது வேரூன்றியது?

1951-ல், பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களின் ஆட்சி முடியும்வரை வெளியாட்கள் நுழைவதே அபூர்வம். கதவு திறந்ததும் வெளிநாட்டு மானுடவியலாளர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் ஷெர்பா, குருங், லிம்பு என்று ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். திரிபுவன் பல்கலைக்கழகம் 1959-ல் தொடங்கியது; கீர்த்திப்பூரில் அதன் சமூகவியல்–மானுடவியல் துறை வந்தது 1981-ல்.

நான் மிகவும் மதிக்கும் பெயர் மகேஷ் சந்திர ரெக்மி. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், வீட்டிலேயே ஓர் ஆய்வு நிலையம் வைத்து, அரசு ஆவணக் கட்டுகளைப் பிரித்து மொழிபெயர்த்து மாதாமாதம் வெளியிட்டவர். நிலம் யார் கையில் இருந்தது, வரி யார் தலையில் விழுந்தது என்பதை அவர் காட்டிய பிறகுதான் நேபாள வறுமைக்கு ஒரு வரலாறு கிடைத்தது. பிரபுக்களுக்கு வரியில்லாமல் கொடுத்த 'பிர்த்தா' நிலம், சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த 'ஜாகிர்' நிலம், கோயில்களுக்கான 'குட்டி' நிலம் எல்லாம் போக, உழுதவனுக்கு மிஞ்சியது என்ன என்பதுதான் அவர் வாழ்நாள் முழுதும் கேட்ட கேள்வி. 1977-ல் ரமோன் மகசேசே விருது பெற்றார்.

தோர் பகதூர் பிஸ்தா பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

நேபாள மானுடவியலின் முன்னோடி அவர். 1991-ல் வந்த அவரது நூல், நாடு முன்னேறாததற்கு விதியை நம்பும் மனப்பான்மையும், 'சாகரி'யும், 'ஆஃப்னோ மான்சே'யும் காரணம் என்றது. சாகரி என்றால் மேலே இருப்பவரின் வாசலில் தினமும் போய் முகம் காட்டிக் காத்திருப்பது. ஆஃப்னோ மான்சே என்றால் 'நம்ம ஆள்'. வேலை, ஒப்பந்தம், மாற்றல் எல்லாம் அந்த வழியில்தான். இந்தக் குணங்களை மேல்சாதி அதிகாரக் கலாசாரத்தோடு சேர்த்து அவர் பேசியது பெரிய புயலைக் கிளப்பியது. சில ஆண்டுகளில், 1990-களின் நடுவில், மேற்கு நேபாளம் நோக்கிப் போன பிஸ்தா காணாமல் போனார். இன்றுவரை தடயம் இல்லை.

மறுபக்கம், சைதன்ய மிஸ்ரா போன்ற சமூகவியலாளர்கள், மனப்பான்மையைப் பழிப்பது போதாது, நில உடைமையையும் அரசையும் உலகச் சந்தையில் நேபாளத்தின் இடத்தையும் பாருங்கள் என்றார்கள். என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. அதிகாரியின் வாசலில் காத்து நிற்கிறவர், விதியை நம்பி அங்கே போவதில்லை. வேறு வாசல் திறந்திருந்தால் அங்கே போயிருப்பார்.

'விகாஸ்' என்ற சொல்லை ஆய்வாளர்கள் ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்?

வளர்ச்சி என்பதற்கு நேபாளியில் 'பிகாஸ்'. நம் 'விகாஸ்'தான். கிழக்கு நேபாளக் கிராமங்களில் ஆராய்ந்த ஸ்டேசி பிக் 1992-ல் எழுதிய கட்டுரை ஒரு நுட்பத்தைப் பிடித்தது. அங்கே பிகாஸ் ஒரு பொருள் போல இருந்தது: குழாய், ரோடு, உரம், ஆஸ்பத்திரி. எப்போதும் வெளியிலிருந்து வருவது. பிகாஸ் நிறைய உள்ள ஊர், குறைவாக உள்ள ஊர் என்று ஊர்களை எடைபோட்டார்கள். பள்ளிப் பாடங்களும் கிராமம் என்றால் பிகாஸ் இல்லாத இடம் என்றே கற்றுக்கொடுத்தன. விளைவு? படித்த பிள்ளைக்குத் தன் ஊர் ஒரு குறையாகத் தெரிந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய 1956 முதலே இந்தப் பார்வை ஊறிவந்திருக்கிறது.

வறுமை உண்மையில் குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது. நன்றாகவே. அரசு நடத்தும் வாழ்க்கைத்தர ஆய்வுகளின்படி 1995–96-ல் 42 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழ். 2003–04-ல் 31. 2010–11-ல் 25. இதற்கு நடுவில்தான் பத்தாண்டு உள்நாட்டுப் போர் நடந்தது என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும்.

2022–23 ஆய்வில் 20.27 சதவீதம் என்று வந்தது. பன்னிரண்டு ஆண்டில் ஐந்து புள்ளிதானா என்று பலர் கேட்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும்: கோட்டையே உயர்த்திவிட்டார்கள். ஒருவர் வாழத் தேவையான குறைந்தபட்சச் செலவைப் புதிதாகக் கணக்கிட்டு, ஆண்டுக்குத் தலைக்கு 72,908 நேபாள ரூபாய் என்று வைத்தார்கள். பழைய கோட்டை வைத்து அளந்தால் 2022–23-ல் வறுமை 3.57 சதவீதம்தான். இரண்டு எண்ணும் சரி. ஆனால் 25-ஐயும் 20-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போடுவது தப்பு. பத்திரிகைகளில் இந்தத் தப்பை அடிக்கடி பார்க்கலாம்.

சரி, இனி அந்த 20-ஐப் பிரித்துப் பாருங்கள். கண்டகி மாகாணத்தில் 11.88 சதவீதம், தூர மேற்கான சுதூர்பஸ்சிமில் 34.16. ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். சாதியாகப் பிரித்தால் இன்னும் சுடும்: 2010–11-ல் மலைப் பாகுன்களில் ஏழைகள் சுமார் 10 சதவீதம், மலைத் தலித்துகளில் சுமார் 44 சதவீதம். நாடு முழுவதற்குமான 25 இந்த இருவரில் யார் வீட்டையும் காட்டவில்லை.

எப்படிக் குறைந்தது? தொழிற்சாலைகள் பெருகினவா?

இல்லை. ஆட்கள் போனார்கள், பணம் வந்தது. 1995–96-ல் வெளியிலிருந்து பணம் பெற்ற வீடுகள் 23 சதவீதம், 2010–11-ல் 56, இப்போது நான்கில் மூன்று வீடுகளுக்கும் மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் கால்வாசி அளவுக்கு இந்தப் பணம் வருகிறது. 1995-க்கும் 2004-க்கும் இடையே குறைந்த வறுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு வேலைக்காக வெளியே போனவர்களே காரணம் என்று உலக வங்கி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

வெளியே போய்ச் சம்பாதிப்பவரை 'லாகுரே' என்பார்கள். லாகூருக்குப் போய் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்தவர்களிடமிருந்து வந்த பெயர். இருநூறு ஆண்டுப் பழக்கம். இன்றைய லாகுரே கத்தாரிலும் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கிறார். புதுப்பித்தலையும் சேர்த்து ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் வேலை அனுமதிகள் கொடுத்த ஆண்டும் உண்டு. காத்மாண்டு விமான நிலையத்தில் ஒரு வாசலில் இளைஞர்கள் நெற்றியில் சிவப்புத் திலகமும் கழுத்தில் மாலையுமாக வரிசையில் நிற்பார்கள். சரக்குப் பக்கம் சவப்பெட்டி வந்திறங்கும். வெளிநாட்டில் இறக்கும் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளைகுடா போகக் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுக்க ஆள் நம்ப வேண்டும். நம்ப நிலம் வேண்டும். இவையெல்லாம் இல்லாதவர் அச்சாம், பஜாங், டோட்டி போன்ற தூர மேற்கு மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி இந்தியா வருகிறார். 1950 ஒப்பந்தத்தால் எல்லை திறந்திருக்கிறது. அனுமதிச் சீட்டு வேண்டாம். அதனாலேயே வேலை அனுமதிக் கணக்கில் அவர் இல்லை. சென்னையிலும் கோவையிலும் ஓட்டல் சமையலறையில், அடுக்குமாடி வாசலில் நாம் பார்க்கும் நேபாளத்துக்காரர்கள் அந்தப் புள்ளிவிவரத்துக்கு வெளியே நிற்பவர்கள்.

பெண்கள் வெளிநாடு போவதற்கு ஏன் தடைகள் இருந்தன?

பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. 2012-ல் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று அரசு தடை போட்டது. போக வேண்டிய நிலையில் இருந்தவர்கள் நின்றுவிடவில்லை. டெல்லி, மும்பை வழியாகத் தரகர்கள் மூலம் போனார்கள். தூதரகத்துக்கே தெரியாமல் போன பெண்ணுக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய்ச் சொல்வாள்? தடை ஆபத்தைக் கூட்டியது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. இருந்தும் தடைகள் வெவ்வேறு வடிவில் வந்துகொண்டே இருந்தன. எனக்கு இதில் ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

பெண்கள் நிலையில் முன்னேற்றமே இல்லையா?

உண்டு, மறுக்க முடியாது. 1996-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.6 குழந்தைகள்; 2022-ல் 2.1. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 2001-ல் 57 சதவீதம், 2022-ல் 25. 1988 முதல் ஊர் ஊராக வேலைசெய்யும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் சுகாதாரத் தொண்டர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

சொத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வீடோ நிலமோ பெண் பெயரில் இருக்கும் குடும்பங்கள் 2001-ல் 11 சதவீதம், 2021-ல் சுமார் 24. பெண் பெயரில் பதிந்தால் கட்டணச் சலுகை உண்டு. சலுகைக்காக மனைவி பெயரில் எழுதிவிட்டு முடிவெல்லாம் கணவரே எடுக்கும் வீடுகள் இதில் எத்தனை என்பதைப் பதிவேடு சொல்லாது. மேற்கு மலைகளின் 'சௌபடி' வழக்கமும் அப்படித்தான். மாதவிலக்கு நாட்களில் பெண்ணை மாட்டுக்கொட்டகைக்கோ சிறு குடிசைக்கோ அனுப்புவது. 2005-ல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, 2017-ல் தண்டனைச் சட்டமும் வந்தது. குளிரிலும் புகையிலும் பாம்புக்கடியிலும் பெண்கள் இறந்த செய்திகள் அதற்குப் பிறகும் வந்தன.

கிட்டத்திலிருந்து செய்த ஓர் ஆய்வைச் சொல்லுங்களேன்.

சித்வன் பள்ளத்தாக்குக் குடும்ப ஆய்வு. சித்வன் ஒரு காலத்தில் மலேரியாக் காடு. பெரும்பாலும் தாருக்கள்தான் வாழ்ந்தார்கள். 1950-களில் மருந்தடித்துக் காட்டை வெட்டி மலைவாசிகளைக் குடியேற்றினார்கள். ஒரே தலைமுறையில் பள்ளி, மில், பஸ், வங்கி எல்லாம் வந்தன. மாற்றம் மனிதர்களை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஆக்ஸினும் நேபாள ஆய்வாளர் தீர்க்க கிமிரேயும் முன்னின்று 1990-களின் நடுவில் தொடங்கி, 151 குடியிருப்புகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள்.

அவர்களுடைய கருவி ஒரு பெரிய தாள். மேலே வரிசையாக ஆண்டுகள். இடப்பக்கம் வாழ்க்கையின் சங்கதிகள்: எங்கே இருந்தீர்கள், பள்ளி, வேலை, கல்யாணம், குழந்தை. வயது கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் "அது நடந்தபோது மூத்தவன் பிறந்துவிட்டானா?" என்று கேட்டால் தெரியும். ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை நினைவுகூர்ந்து, கட்டம் கட்டமாக ஓர் ஆயுள் அந்தத் தாளில் நிரம்பும். ஊருக்கும் இதேபோல ஒரு தாள் உண்டு: எந்த ஆண்டில் பள்ளிக்கு நடந்துபோக எத்தனை நிமிடம், பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம்.

இதில் தெரியவந்த ஒன்று என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. சிறுவயதில் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி இருந்திருந்தால், பிற்காலத்தில் அவள் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளும் வாய்ப்பு கூடியது. அவள் அந்தப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊரில் பள்ளி இருப்பதே அங்கே வாழ்பவர்களின் எண்ணத்தை மாற்றுகிறது. இன்னொரு முடிவு: விறகு, தீவனம் தேட நேரம் அதிகமாக அதிகமாக மக்கள் இடம்பெயர்கிறார்கள், ஆனால் பக்கத்து ஊர்களுக்குத்தான், தூர தேசத்துக்கு இல்லை. காலநிலை மாற்றத்தால் கோடிக்கணக்கானோர் எல்லை தாண்டிவிடுவார்கள் என்று பயமுறுத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நேபாளக் காடுகள் அழிந்துவிட்டன என்று படித்திருக்கிறோமே?

1970-களில் அப்படித்தான் எழுதினார்கள். மலைவாசி மரத்தை வெட்டுகிறான், மண் சரிகிறது, வங்கதேசத்தில் வெள்ளம் வருகிறது என்பது அன்றைய கதை. ஓர் ஆள் எவ்வளவு விறகு எரிக்கிறார் என்று அதுவரை வந்த மதிப்பீடுகளை எல்லாம் 1980-களில் மைக்கேல் தாம்ப்சனும் மைக்கேல் வார்பர்ட்டனும் அடுக்கிப் பார்த்தார்கள். மிகக் குறைந்த மதிப்பீட்டுக்கும் மிக அதிகமானதற்கும் 67 மடங்கு வித்தியாசம்! இந்த எண்களை நம்பித்தான் ஏழை விவசாயி மீது பழி போட்டார்கள்.

அப்புறம் 1993 வனச் சட்டம் வந்து காட்டை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. இப்போது 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள். 1992-ல் 26 சதவீதமாக இருந்த காட்டுப் பரப்பு 2016-ல் 45 சதவீதமாகியிருப்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்த ஆய்வு காட்டியது. ஊரே நடத்தும் பாசன வாய்க்கால்கள் அரசு நடத்துவதைவிட நன்றாக ஓடுகின்றன என்பதையும் நேபாளத்தில்தான் எலினோர் ஆஸ்ட்ரமின் குழு காட்டியது. பொதுச் சொத்துகளை மக்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுகளுக்காக அவர் 2009-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் காட்டுக் குழுவிலும் பேசுவது யார் என்று பாருங்கள். விறகு சுமப்பது பெண்களும் தலித்துகளும்; எந்த மாதம் காடு திறக்கும் என்று முடிவெடுப்பது பெரும்பாலும் வேறு ஆட்கள். மாடு வைத்திருப்பவருக்குத் தீவனம் முக்கியம், கொல்லருக்குக் கரி முக்கியம். கரி சுடக் கூடாது என்று விதி வந்தால் கொல்லரின் உலை அணைந்துவிடும்.

மாவோயிஸ்ட் போருக்கு ஏற்றத்தாழ்வுதான் காரணமா?

1996 பிப்ரவரியில் தொடங்கி 2006 நவம்பரில் உடன்படிக்கையோடு முடிந்த அந்தப் போரில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முர்ஷெத்தும் கேட்ஸும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, குழுக்களுக்கும் பகுதிகளுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வே போரின் தீவிரத்தை விளக்குகிறது என்றது. 2010-ல் தோ, ஐயர் இருவரும் மாவட்ட வாரியாகப் பார்த்து, வறுமையும் காடு மலை போன்ற நில அமைப்பும்தான் வலுவான காரணங்கள், சாதிப் பிரிவின் பங்கு அவ்வளவு தெளிவாக இல்லை என்றார்கள். என்னைக் கேட்டால், போர் தொடங்கிய மேற்கு மலை மாவட்டங்களில் ஒன்றான ரோல்பாவில் வறுமை எது, சாதி எது, அரசின் அலட்சியம் எது என்று கத்தியால் வெட்டிப் பிரிக்க முடியாது. மகர் வீடுகளில் அவை மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

மாதேசிகள் ஏன் போராடினார்கள்?

அவர்களை மலைவாசிகள் முழு நேபாளியாகப் பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கும் குடியுரிமைச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் நிலத்தைத் தன் பெயரில் பதிய முடியாது, அரசு வேலை கிடையாது. 2006 சட்டத்துக்குப் பிறகு சில மாதங்களில் சுமார் 26 லட்சம் பேருக்குச் சான்று கொடுத்தார்கள். அதுவரை எத்தனை பேர் சொந்த நாட்டில் காகிதம் இல்லாமல் இருந்தார்கள் என்பதற்கு அந்த எண்ணே போதும். அங்கேயும் அடித்தட்டில் முசகர்கள். நிலமும் இல்லை, பள்ளியும் இல்லை. மாதேசி என்ற ஒற்றைப் பெயரையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இட ஒதுக்கீடு உண்டா?

உண்டு. 2007 முதல் அரசுப் பணியில் 45 சதவீத இடங்கள் பெண்கள், ஜனஜாதி, மாதேசி, தலித், மாற்றுத்திறனாளிகள், பின்தங்கிய பகுதியினருக்கு. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2017 உள்ளாட்சித் தேர்தல். ஒவ்வொரு வார்டிலும் இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் என்று சட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தலித் பெண்கள் ஒரே தேர்தலில் பதவிக்கு வந்தார்கள். கூட்டத்தில் அவர்கள் பேச்சு எடுபடுவதில்லை, கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று கள ஆய்வுகள் சொல்கின்றன. உண்மைதான். ஆனாலும் தண்ணீர் செல்லாதவர் என்று எழுதிய நாட்டில், குடிநீர்க் குழாய் எங்கே போட வேண்டும் என்று பேசும் மேசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆய்வால் நேரடியாக ஏதாவது மாறியிருக்கிறதா?

மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை ஊர்ப் பெண்கள் கூடுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் டாக்டரோ நர்ஸோ இல்லை. அந்தப் பகுதிப் பெண். படச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, பிரசவத்தில் என்னென்ன சிக்கல் வருகிறது, நம்மால் என்ன செய்ய முடியும் என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். கூட்டம் நடந்த பகுதிகளில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 26. நடக்காத பகுதிகளில் 37. 2004-ல் லான்செட் இதழில் வெளிவந்த இந்த முடிவு, பிறகு பல நாடுகளில் இதே முறையை முயன்று பார்க்க வழிவகுத்தது.

ஏற்றத்தாழ்வு குறைந்தது என்றால் 2025-ல் இளைஞர்கள் ஏன் கொதித்தார்கள்?

நல்ல கேள்வி. ஏற்றத்தாழ்வை வீட்டுச் செலவை வைத்து அளக்கும் ஜினி குறியீடு (எண் குறைந்தால் ஏற்றத்தாழ்வு குறைவு) 2010–11-ல் 0.33, 2022–23-ல் 0.30. குறைந்ததாகத்தான் காட்டுகிறது. ஆனால் 2025 செப்டம்பரில் சமூக ஊடகத் தடையை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்கள், அரசியல்வாதிகளின் பிள்ளைகள் காட்டிய ஆடம்பரத்தைத்தான் முன்னே வைத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், அரசு கவிழ்ந்தது. வீட்டு வீடாகப் போகும் செலவு ஆய்வு, பெரும் பணக்காரர் வீட்டுக்குள் நுழைவதில்லை; நுழைந்தாலும் நிலமும் பங்கும் பதவியும் அதில் விழுவதில்லை. கத்தாரிலிருந்து அண்ணன் அனுப்பும் பணத்தில் ஏழை வீட்டுச் செலவு கூடினால் குறியீடு இறங்கும். தம்பிக்கு ஊரில் வேலை இல்லை என்பது அதில் எங்கேயும் வராது.

இந்த ஆய்வுகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள். அதனால் கேள்வியையும் அவர்களே தீர்மானிப்பதுண்டு. மூன்று மாதத்தில் ஆங்கிலத்தில் அறிக்கை கேட்பார்கள்; எந்த ஊரைப் பற்றி எழுதினார்களோ அந்த ஊருக்கு அது போய்ச் சேராது. இதற்கு மாற்றாக எழுந்த இடங்களும் உண்டு. 1991-ல் ஒரு கலந்துரையாடல் குழுவாகத் தொடங்கிய மார்ட்டின் சௌதாரி, 2002-ல் வந்த சோஷியல் சயின்ஸ் பகா ஆகிய இரண்டும் காத்மாண்டில் நூலகம், விவாதக் கூட்டம், வெளியீடு என்று பொறுமையாக வேலைசெய்கின்றன. புலம்பெயர்வு பற்றி அறிய பகாவின் தொழிலாளர் ஆய்வு மையத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

படிக்கத் தொடங்க விரும்புகிறேன். எங்கே கிடைக்கும்?

நிறையவே இலவசமாகக் கிடைக்கிறது. ரெக்மியின் மாத வெளியீடுகளையும் பழைய நேபாள ஆய்விதழ்களையும் டிஜிட்டல் ஹிமாலயா என்ற திட்டத்தின் தளத்தில் படிக்கலாம். மார்ட்டின் சௌதாரி நடத்தும் ஆய்விதழின் கட்டுரைகள் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன. கணக்கெடுப்பு அட்டவணைகள் அரசுப் புள்ளியியல் அலுவலகத்தின் தளத்தில், மாவட்டம் மாவட்டமாக. முதலில் ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தறிவு, குழாய்த் தண்ணீர், வெளியூர் போனவர்கள் என்ற மூன்று பத்திகளை மட்டும் பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மாவட்டம் என்று தெரியவில்லையா? உங்கள் தெரு ஓட்டலில் பரோட்டா போடும் நேபாளத்துத் தம்பியிடம் ஊர் எது என்று கேளுங்கள். 'நேபாள்' என்று மட்டும் சொல்வார். எந்த ஜில்லா என்று இன்னொரு முறை கேளுங்கள்.